யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்: இது என்ன கணக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நோட்டில் தப்புக் கணக்கைச் சிவப்பு மையில் சுழித்தபோதும் உங்களுக்குக் கோபம் வந்தது. பிறகு சரியாகப் போட்டுக்கொண்டு வந்தீர்கள்.

போன வாரம் ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீடு நிறைய ஆட்கள். காவடி செலுத்திவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய்க் கரண்ட் பில்லில் வந்து நின்றது. என்னிடம் படித்த ஒரு பையன், இப்போது மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறான், பெருமையாகச் சொன்னான்: "எனக்குக் கரண்ட் பில் கவலையே இல்ல டீச்சர். மேல இருக்கறவங்ககிட்ட யூனிட்டுக்கு 9 ரூபா வாங்கிடறேன். எங்க வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஃப்ரீ." நாலு பேர் சிரித்தார்கள். உறவினர் ஒருவர், "நான் 10 வாங்கறேன்பா" என்றார்.

விருந்துக்கு வந்தவர்களிடம் அன்று ஒன்றும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். நீங்கள் செய்வது தப்பு. அடுத்தவர் காசில் உங்கள் வீட்டு விளக்கு எரிகிறது. கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் விலை. 2024 ஜூலையில் வீட்டு இணைப்புக்கு வந்த விலை இதுதான். 2025 ஜூலையில் கட்டணம் ஏறியபோதும் வீடுகளுக்கு ஏற்றவில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால்:

முதல் 100 யூனிட்: இலவசம்
101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு 2.35
201 முதல் 400 வரை: 4.70
401 முதல் 500 வரை: 6.30

500-ஐத் தாண்டினால் 2.35 என்ற சலுகை விலை போய்விடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.70. 501 முதல் 600 வரை 8.40. 601 முதல் 800 வரை 9.45. அதற்கு மேல் 10.50, ஆயிரம் தாண்டினால் 11.55.

இந்தப் பட்டியலில் 9 ரூபாய் எங்கே வருகிறது பாருங்கள். இரண்டு மாதத்தில் 600 யூனிட்டைத் தாண்டி ஏசி ஓட்டுகிறவர் தொடுகிற விலை அது. அதுவும் 600-க்கு மேல் போன யூனிட்டுக்கு மட்டும். நாம் அதை யாரிடம் வாங்குகிறோம்? இரண்டு ஃபேன், நாலு விளக்கு, ஒரு டி.வி., ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வைத்திருக்கிற குடித்தனக்காரரிடம்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே ஈ.பி. இணைப்பு. கீழே ஓனர், மேலே குடித்தனம், மேலே சப் மீட்டர். ஓனர் 310 யூனிட், குடித்தனக்காரர் 190 யூனிட். மொத்தம் 500.

ஈ.பி. பில்: 100 இலவசம். அடுத்த 100-க்கு 235. அடுத்த 200-க்கு 940. கடைசி 100-க்கு 630. கூட்டினால் 1,805 ரூபாய்.

குடித்தனக்காரர் கொடுப்பது: 190 × 9 = 1,710 ரூபாய்.

ஓனர் கையிலிருந்து போவது: 95 ரூபாய். 310 யூனிட்டுக்கு 95 ரூபாய்! பத்து ரூபாய் வாங்கினால் 1,900 வருகிறது. பில் போக 95 ரூபாய் ஓனருக்கு லாபம். கரண்டும் எரித்து, மேலே காசும் வாங்குவது.

முதல் 100 யூனிட் இலவசம் யாருடைய பணம்? 2016 மே 23 அன்று ஜெயலலிதா மீண்டும் முதல்வராகப் பொறுப்பேற்றதும் கையெழுத்திட்ட திட்டம். அந்தக் காசை அரசு கொடுக்கிறது. அது உங்கள் குடித்தனக்காரர் சோப்புக்கும் எண்ணெய்க்கும் கட்டுகிற வரியிலிருந்தும்தான் வருகிறது. அவர் பங்கையும் நாமே எடுத்துக்கொண்டு, அவரிடம் முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய் வாங்குகிறோம்.

இனி என் கதை. சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு எழுத எனக்குத் தகுதி இல்லை.

2023 வரை நானும் 8 ரூபாய் வாங்கினேன். தெருவில் எல்லோரும் வாங்கினார்கள், நாங்களும் வாங்கினோம். யோசித்ததே இல்லை. எங்கள் மாடியில் இருந்த குடும்பத்தில் கணவர் விசைத்தறி வேலைக்குப் போவார். மனைவி வீட்டிலேயே தையல். மகள் எட்டாவது. சாயங்காலம் என்னிடம் கணக்குப் படிக்க வருவாள். "புத்தகத்துக் கணக்கு போதும், வீட்டுக் கணக்கு ஒன்று எடுத்து வா" என்று ஒருநாள் சொன்னேன். அவள் மீட்டர் பக்கத்தில் தொங்கும் ஈ.பி. கார்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள்.

மொத்தம் 480 யூனிட், பில் 1,605 ரூபாய். எங்கள் வீடு 170 யூனிட், அம்மா கொடுத்தது 1,360. அப்படியானால் டீச்சர் வீட்டு 310 யூனிட்டுக்கு எவ்வளவு?

245 என்று எழுதி, அழித்து, மறுபடி 245 என்று எழுதி, மறுபடி அழித்திருந்தாள். பேப்பர் கிழிந்தே போயிருந்தது. "தப்பாவே வருது டீச்சர். உங்க வீட்டுக்கு யூனிட் அதிகம், ரூபா கம்மியா வருது" என்றாள்.

அந்தக் குழந்தை தன் கணக்குத்தான் தப்பு என்று நினைத்தது. டீச்சர் தப்புச் செய்வார் என்று அதற்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்த கை என்னுடையது. அன்று அந்த நோட்டில் 'சரி' என்று போட எனக்குக் கை வரவில்லை. ஆனால் போட்டேன். விடை சரிதான்.

அன்று ராத்திரி பழைய பில்களையெல்லாம் எடுத்து வைத்து நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தோம். பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, அவர்கள் பங்கு எவ்வளவு என்று பார்த்து, அதிகமாக வாங்கியதை வாடகையில் கழித்தோம். அந்த அம்மா, "இருக்கட்டும் டீச்சர், எல்லா வீட்லயும் இதானே" என்றார்கள். அந்த வார்த்தைதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அவங்களாலதான் 500 தாண்டுது, ஸ்லாப் ஏறுது." இதில் உண்மை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 500 யூனிட்டுக்கு 1,805. 501 ஆனால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு கூடுகிறது. ஆனால் அந்த 501-ல் உங்கள் 310 இல்லையா? மேலே உள்ளவர் மட்டும் தாண்ட வைத்தார் என்று எப்படிச் சொல்வீர்கள்? இரண்டு குடும்பத்தை ஒரே இணைப்பில் கட்டி வைத்தது நாம். ஏறிய விலையை அவர் ஒருவர் தலையில் கட்டுவதும் நாம்.

"மோட்டார், மாடிப்படி லைட் எல்லாம் யார் தருவாங்க?" கேளுங்கள், தப்பில்லை. ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1 யூனிட். தினம் அரை மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். 4.70 விலையிலேயே போட்டாலும் 141 ரூபாய். அதில் பாதியைக் கேளுங்கள், தருவார்கள். 70 ரூபாய்க்காக ஆயிரம் ரூபாய் வாங்காதீர்கள்.

"கம்மியா வாங்கினா கண்டபடி எரிப்பாங்க." கண்டபடி எரிப்பது யார்? 310 யூனிட்டுக்கு 95 ரூபாய் கொடுக்கிறவருக்கு ஃபேனை அணைக்கத் தோன்றுமா? ஏசியை 26-ல் வைக்கத் தோன்றுமா? மேலே இருப்பவர் ஏற்கனவே வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஏப்ரல், மே மாதத்தில் நம் ஊர் வெயில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மொட்டை மாடிக்குக் கீழே உள்ள போர்ஷனில் ஒரு மத்தியானம் இருந்து பாருங்கள்.

"ஆந்திராவப் பாருங்க, அங்க எவ்ளோ காஸ்ட்லி." என் தங்கை நகரியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் பில்லையும் பார்த்திருக்கிறேன். அங்கே மாதா மாதம் கணக்கு. 30 யூனிட் வரை 1.90, 75 வரை 3 ரூபாய், 125 வரை 4.50, 225 வரை 6 ரூபாய், 400 வரை 8.75, அதற்கு மேல் 9.75. நம் குடித்தனக்காரர் எரிக்கும் 190 யூனிட்டை மாதத்துக்கு 95 என்று வைத்து அந்த விலையில் போட்டால் மாதம் 282 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 564. மற்ற சில்லறைக் கட்டணங்கள் தனி. நாம் வாங்குவது 1,710. எல்லை தாண்டிப் போனாலும் உங்கள் 9 ரூபாய்க்கு நியாயம் கிடைக்காது.

"எல்லாரும் வாங்கறாங்க." பரீட்சையில் வரிசையாக ஒரே தப்பு விடை வந்தால் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? திட்டிவிட்டுப் போவதற்கு மட்டும் இவ்வளவு எழுதவில்லை. இரு தரப்புக்கும் பில் குறைய வழி இருக்கிறது.

1. தனி இணைப்பு வாங்குங்கள். அதே 310-ம் 190-ம் தனித்தனி இணைப்பில் இருந்தால்: ஓனர் 235 + (110 × 4.70) = 752 ரூபாய். குடித்தனக்காரர் 90 × 2.35 = 211 ரூபாய் 50 காசு. இரண்டும் சேர்ந்து 963.50. ஒரே இணைப்பில் 1,805. இரண்டு மாதத்துக்கு 841.50 மிச்சம், வருஷத்துக்கு 5,049 ரூபாய். இணைப்பு வாங்குவது ஒரு தடவைச் செலவு, மிச்சம் வருஷா வருஷம். தனிக் குடித்தனமாகப் பிரிந்திருக்கிறதா என்று நேரில் பார்ப்பார்கள். ஒரே குடும்பம் இலவச யூனிட்டுக்காக இரண்டு இணைப்பு வைப்பதை நான் சொல்லவில்லை. அது வேறு திருட்டு.

"தனி கார்டு கொடுத்தா வீட்டையே கேப்பான்" என்று பயப்படாதீர்கள். 2022 கடைசியில் ஆதார் இணைக்கச் சொன்னபோதும் இதே பயம் ஊரெல்லாம் ஓடியது. யார் வீடு போனது? ஈ.பி. கார்டு பட்டா ஆகாது. இணைப்பு உங்கள் பெயரில் இருக்கட்டும், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்.

2. தனி இணைப்பு வரும் வரை பங்கு போடுங்கள். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தால் 1,805 ÷ 500 = 3.61. குடித்தனக்காரர் பங்கு 190 × 3.61 = 685 ரூபாய் 90 காசு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. பில்லைக் காட்டி வாங்குங்கள்.

3. குடித்தனம் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் சொல்கிறேன். கணக்கு எடுக்கும் நாளில் மெயின் மீட்டரையும் சப் மீட்டரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். உங்கள் மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் சப் மீட்டரில் விளக்கு மினுக்கினால் வேறு யாருடைய லைனோ அதில் சேர்ந்திருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய ஃபேன் 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 20 யூனிட். வீடு மாறினாலும் கழற்றிக்கொண்டு போகலாம். தகராறு வந்தால் ஓனர் கரண்டை நிறுத்தக் கூடாது. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சண்டைக்கு முன் ஒரு தடவை பில்லைக் கேட்டுப் பாருங்கள். பல ஓனர்கள் என்னைப் போல யோசிக்காமல் வாங்குகிறவர்கள்தான்.

அன்று கூடத்தில் 9 ரூபாய் என்று சொன்ன பையா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் பெயரை நான் எங்கேயும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ கெட்டவன் இல்லை. வாடகை போதவில்லை என்றால் வாடகையை நேராகக் கூட்டிக் கேள். அவர் முடிந்தால் இருப்பார், இல்லாவிட்டால் வேறு வீடு பார்ப்பார். அது நேர்மையான பேச்சு. கரண்ட் என்ற பெயரில் எடுக்காதே. உன் மாடி வீட்டிலும் ஒரு குழந்தை எட்டாவது படிக்கிறது என்று நீதான் சொன்னாய். அது ஒருநாள் உன் ஈ.பி. கார்டை எடுத்துக் கணக்குப் போடும். விடை சரியாக வரும். அதைத் தப்பு என்று நினைத்து அது அழிக்கும்படி வைக்காதே.

இந்த வாரம் பில்லை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, எவ்வளவு வந்தது என்று கீழே எழுதுங்கள். திருத்திக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
திருத்தணி.