ஒரே பந்தி: தாமிரபரணிக் கரையின் கொள்கைப் பிரகடனம்

பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணியின் இருகரையிலும் படித்தவர்கள், படிக்கின்றவர்கள், படிப்பைப் பாதியில் பறிகொடுத்தவர்கள், அவர்களுக்குக் கற்பித்தவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் ஆகிய நாங்கள் ஓர் இயக்கமாகக் கூடியிருக்கிறோம். திருநங்கையரும் திருநம்பியரும் எங்களில் உண்டு. தன்பாலீர்ப்புள்ள ஆண்களும் பெண்களும் உண்டு. இவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமையால் மட்டுமே வந்து சேர்ந்தவர்களும் உண்டு. இயக்கத்துக்குப் பெயர் சூட்டுவதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். பெயருக்கு முன்னே கொள்கை பிறப்பது நல்ல சகுனம்.

கொள்கை ஒன்றே. பள்ளிக்கூடம் என்று பலகை மாட்டிய இடத்தில் இரண்டு பந்தி கூடாது. எந்த மதத்தின் பெயரால் நடந்தாலும், எவர் அறக்கட்டளையின் பணத்தால் நடந்தாலும், சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறிய பிள்ளை அந்தப் பள்ளியின் முழுப் பிள்ளை. அதன் நடையைத் திருத்தும் அதிகாரமோ, அதன் அன்பை விசாரிக்கும் அதிகாரமோ எந்த நிர்வாகத்துக்கும் இல்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பன்று. நூறாண்டுக்கு முன் இதே ஆற்றங்கரையில் வென்று முடிந்த கொள்கை. 1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. தாய்மொழிக் கல்வி, உடலுழைப்பு, தேசபக்தி, எளிய வாழ்வு என அதன் இலட்சியங்கள் உயர்ந்தவை. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு முதலில் 5,000 கொடுத்தது. சாதி பாராமல் பலரும் கொடுத்தார்கள். அந்தக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் தனியே உண்டார்கள். ஏன் என்று கேட்டபோது கிடைத்த விடை: அவர்களுடைய பெற்றோர் அப்படித்தான் விரும்பினார்கள்.

பெரியார் அந்த விடையை ஏற்கவில்லை. வரதராஜுலு நாயுடு ஏற்கவில்லை. பலர் பணத்தில் நடக்கும் பள்ளியில் சிலர் ஆசாரம் ஆளக்கூடாது என்றார்கள். காந்தியடிகள் வரைக்கும் போனது வழக்கு. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்ற தீர்மானம் 1925இல் மாகாணக் காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேறியது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதம் பாபநாசத்து அருவியில் மகளோடு அவரும் மூழ்கி இறந்தார். அவரைத் தூற்றுவது எங்கள் நோக்கமன்று. ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதிய கை அது. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த கை அது. அத்தனை பெரிய மனிதரின் நல்லெண்ணமும் இரண்டாவது பந்தியை நியாயப்படுத்தப் போதவில்லை என்பதுதான் சேரன்மாதேவி தந்த தீர்ப்பு. இன்றைய தாளாளர்களின் நல்லெண்ணம் ஐயரின் நல்லெண்ணத்தைவிடப் பெரிதா என்ன?

அந்தப் பழைய விடை மட்டும் இன்னும் சாகவில்லை. தலைமையாசிரியர் அறைக்கு அப்பாவையும் அம்மாவையும் வரச்சொல்கிறார்கள். பையன் நடக்கிற விதம் சரியில்லை, மற்ற பிள்ளைகளின் பெற்றோர் ஆட்சேபிக்கிறார்கள் என்கிறார்கள். “நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் குடுத்துருங்க, பிள்ளைக்கும் நல்லது, ஸ்கூலுக்கும் நல்லது.” வெள்ளைத்தாளை அலுவலகமே தருகிறது, எழுத வேண்டிய வாசகத்தையும் அலுவலகமே சொல்கிறது: ‘எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்’. மாற்றுச் சான்றிதழில் நடத்தை ‘நன்று’ என்று பதிவாகிறது. துரத்தப்பட்ட பிள்ளை வெளியே நிற்கிறது. துரத்தியதற்கான தடயம் எந்த ஏட்டிலும் இல்லை. 1925இல் பெற்றோர் விருப்பம் ஒரு சாக்கு. இன்று அது சொல்லிக்கொடுத்து எழுதி வாங்கப்படும் சாக்கு.

துரத்தப்படாமல் உள்ளே இருக்கும் பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது? வருகைப் பதிவில் ஒன்பதாம் எண் வந்ததும் வகுப்பு அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. சில ஆசிரியர்களும் சிரிக்கிறார்கள். பிரேயரில் ஆண் வரிசை, பெண் வரிசை. நடுவில் நிற்க இடமில்லை. பி.டி. மாஸ்டர் கத்தரிக்கோலோடு வருகிறார். ஆண்கள் கழிப்பறைக்குப் போனால் அடி, பெண்கள் கழிப்பறைக்குப் போனால் பழி. ஆகவே காலையில் வீட்டில் நிரப்பிய தண்ணீர் பாட்டில் மாலையில் நிரம்பியபடியே திரும்புகிறது. குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே கற்றுக்கொள்கிறது. வற்றாத ஆற்றின் கரையில் நடக்கிறது இது.

எங்கள் வார்த்தையை நம்பாதவர்களுக்கு யுனெஸ்கோ அமைப்பு தமிழ்நாட்டில் பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினர் 371 பேரிடம் நடத்திய ஆய்வு இருக்கிறது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு. தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான கிரேஸ் பானு, பள்ளியில் மற்ற மாணவர்களோடு பழக விடாமல் ஒதுக்கப்பட்டதையும், அவர்கள் வரும் நேரத்தில் வரவும் போகும் நேரத்தில் போகவும் தடுக்கப்பட்டதையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தலித் என்பதால் ஒரு விலக்கு, திருநங்கை என்பதால் இன்னொரு விலக்கு. அவரே பின்னர் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை ஆனார். கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில் திருநங்கையரின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் எழுந்ததற்கும் அவர் உழைப்பு காரணம். பள்ளி தள்ளிய ஒருவர் எழுந்து நின்றது அவருடைய பெருமை. அதில் பள்ளிக்குப் பங்கில்லை.

பள்ளிகளின் ஊரான பாளையங்கோட்டைக்கு நாங்கள் பகைவர்கள் அல்லர், அதன் வாரிசுகள். 1820இல் மிஷனரி ரேனியஸ் இங்கு வந்த நாள்தொட்டு இந்த ஊரின் வரலாறு, படிக்கக் கூடாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்க்குப் பலகையும் பலப்பமும் தந்த வரலாறு. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில் சாராள் தக்கர் கல்லூரி எழுந்தது. காது கேளாத பிள்ளைக்குப் பாடம் எப்படி என்று கேட்ட காலத்தில் ஃபுளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் அதற்கென்றே பள்ளி திறந்தார். கோயில் ஒரு தெரு, தேவாலயம் ஒரு தெரு, பள்ளிவாசல் ஒரு தெரு என்று அமைந்த நெல்லையில் இந்துக் கல்லூரியும் சேவியர் கல்லூரியும் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்தே வளர்த்தன. திருநெல்வேலித் திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. பள்ளியில் படித்த இந்துக்களைக் கணக்கெடுத்தால் பாதி மாவட்டம் வரும். கதவைத் திறப்பதே இந்நிறுவனங்களின் மரபு. அதைக் காப்பவர்கள் நாங்கள். மூடுபவர்களே மரபை மீறியவர்கள்.

ஆகவே ஒன்றை உரக்கச் சொல்லிவிடுகிறோம். சிறுபான்மைப் பள்ளிகளின் மேல் பாயக் காத்திருப்பவர்களுக்கு எங்கள் துயரம் ஆயுதமாகாது. கிறிஸ்தவப் பள்ளியில் நடந்தால் கொதித்து, தன் மடத்துப் பள்ளியில் நடந்தால் ஒழுக்கம் என்பவரோடு எங்களுக்கு மேடை இல்லை. விலக்குவதில் எல்லா மதத்தாரும் ஒன்றுபட்டே நிற்கிறார்கள்; ஒரு பள்ளியில் ஜெபம், இன்னொன்றில் மந்திரிப்பு, மூன்றாவதில் கவுன்சிலிங் என்று பெயர் மட்டும் மாறுகிறது. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவை நாங்கள் மதிக்கிறோம். அந்த உரிமை இல்லாவிட்டால் எங்களில் பலருடைய பாட்டிமார் எழுத்தறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் நிர்வகிக்கும் உரிமை சீர்கெட நிர்வகிக்கும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1958இலேயே கேரளக் கல்வி மசோதா வழக்கில் சொல்லிவிட்டது. இன்னொன்றும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் மக்கள் வரியிலிருந்து வருகிறது. அன்று 5,000 ரூபாய்க்குக் கணக்குக் கேட்ட மண் இது. மாதாமாதம் வரும் மானியத்துக்குக் கேட்காமல் விடுமா?

சட்டத்தைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. அது முடிந்த விஷயம். 2014இல் உச்ச நீதிமன்றம் திருநரின் பாலின அடையாளத்தை அடிப்படை உரிமையாக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலீர்ப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அரசின் நிதி பெற்ற பள்ளியை மட்டுமன்றி அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளியையும் கட்டுப்படுத்துகிறது. சுயநிதி மெட்ரிக் பள்ளிகள் இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். தன்பாலீர்ப்புள்ள மாணவர்க்கு இப்படித் தனிச்சட்டம் ஒன்று இன்னும் இல்லை. ஆனால் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு இருசாராரையும் தழுவியது. பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குத் தடை, பாலினப் பொதுக் கழிப்பறை, விண்ணப்பத்தில் மூன்றாவது கட்டம், பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் விழிப்புணர்வு எனப் பள்ளிக்கு உரியவை எல்லாம் அதில் உள்ளன. அவ்வாண்டே திருநர் பிள்ளைகளைப் பற்றி என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆசிரியர் கையேடு சில நாட்களில் இணையத்திலிருந்து மறைந்தது வேறு கதை. கையேடு மறையலாம், உத்தரவு மறையவில்லை.

வெளியுலகமும் இந்தப் பக்கமே நகர்கிறது. 2022இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துக் கிறிஸ்தவப் பள்ளி ஒன்று, தன்பாலீர்ப்பைப் பாவமென்று சொல்லும் ஒப்பந்தத்தில் பெற்றோரைக் கையெழுத்திடச் சொன்னது. பெற்றோரே எதிர்த்து எழுந்தார்கள். சில நாட்களில் ஒப்பந்தம் திரும்பப் பெறப்பட்டது. பெற்றோர் விருப்பம் என்ற வாள் இருபுறமும் வெட்டும்.

இனி, நாங்கள் மறுப்பவை.

பரிவை மறுக்கிறோம். எங்களுக்கு வேண்டியது இருக்கை, இரக்கம் அன்று. ‘பாவத்தை வெறுத்துப் பாவியை நேசிக்கிறோம்’ என்ற வாக்கியத்தை மறுக்கிறோம். எங்களில் பாவி எவரும் இல்லை. அர்த்தநாரியையும் மோகினியையும் காட்டி எங்களுக்குச் சிபாரிசு செய்யும் பெரியவர்களை வணங்கி மறுக்கிறோம். புராணத்தில் இடம் இருப்பதால் பள்ளியில் இடம் கேட்கவில்லை நாங்கள். புராணத்தில் இல்லாதிருந்தாலும் கேட்போம்.

தனிப்பள்ளி என்ற தீர்வையும் மறுக்கிறோம். 2016இல் கொச்சியில் படிப்பைத் தொலைத்த திருநர்க்கெனத் தனிப்பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களின் துணிவுக்கு வணக்கம். அது வெளியேற்றப்பட்டவர்களுக்கு மருந்து. வெளியேற்றியவர்களுக்கு அது சௌகரியமாகிவிடக் கூடாது. தனிப்பள்ளி, தனி வகுப்பு, தனி நேரம், தனி மேசை எல்லாம் சேரன்மாதேவியின் தனிப்பந்திதான்.

சாதியைத் தொடாத விடுதலையை மறுக்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை 2024 ஜூனில் அரசின் கைக்குப் போனது. மணிக்கட்டில் சாதி காட்டும் வண்ணக்கயிறு பார்த்து ஆளை அளக்கும் கண்ணும், நடையைப் பார்த்து ஆளை அளக்கும் கண்ணும் ஒரே முகத்தில் இருப்பவை. எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டு வரவேண்டும். திருநங்கையாக இருந்தாலும் சரி, தன்பாலீர்ப்பாளராக இருந்தாலும் சரி. இதில் எங்களுக்குள்ளேயே முணுமுணுப்பு உண்டு என்பதை மறைக்கவில்லை. முணுமுணுப்பவர்கள் இருக்கட்டும், கயிறு இருக்க வேண்டாம்.

நாங்கள் கோருபவற்றில் பெரும்பாலானவை புதியவை அல்ல. சட்டம் ஏற்கெனவே கொடுத்தவை. எழுதி வாங்கப்படும் ‘சொந்த விருப்ப’ டி.சி. கடிதங்களை மாவட்டக் கல்வி அலுவலர் தாமே பெற்றோரை விசாரித்த பின்னரே ஏற்க வேண்டும். பூட்டிய கழிப்பறை ஒன்றைத் திறந்து, எவரும் போகலாம் என்று எழுதினால் போதும். கட்டடம் கட்டக் காத்திருக்க வேண்டாம். முடி வெட்டும் தண்டனை இன்றோடு நிற்க வேண்டும். ஜெப அறைக்கோ மந்திரிப்பவரிடமோ ‘குணமாக்க’ அனுப்பும் பள்ளி, நீதிமன்ற உத்தரவை மீறும் பள்ளி என்றே எங்களால் அழைக்கப்படும்.

ஆசிரியர்களே, உங்களில் எங்களவர் உண்டு என்பதை நாங்கள் அறிவோம். பெயரை வெளியிடச் சொல்லவில்லை. ஒன்பதாம் எண்ணுக்கு வகுப்பு சிரிக்கும்போது சிரிக்காமல் நில்லுங்கள், சிரித்தவனை எழுப்பிக் கேளுங்கள். பெற்றோரே, வெள்ளைத்தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களைக் கூப்பிடுங்கள், இரவானாலும் வருவோம். முன்னாள் மாணவர்களே, பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு நன்கொடை கேட்டு வரும்போது ரசீதுக்கு முன், இங்கே இரண்டு பந்தி உண்டா என்று கேளுங்கள்.

தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு சொல். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்கக் கடமைப்பட்டது. வரும் ஜூனில் பள்ளி திறக்கும் நாளில் அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். இல்லாத பள்ளிக்குச் சட்டத்தின் நகலோடு வருவோம்: முதலில் உங்கள் அறைக்கு, அடுத்து மாவட்டக் கல்வி அலுவலரிடம், அதற்கும் அசையாவிட்டால் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு.