அனுப்பியது யார், பழி யாருக்கு?

கார்கிலுக்கு ஜூலை 26 இருக்கிறது. வங்கதேசப் போருக்கு டிசம்பர் 16 இருக்கிறது. இலங்கைக்குப் போய் உயிரை விட்ட எங்கள் அண்ணனுக்கு எந்தத் தேதி?

அவன் தன்னிஷ்டத்துக்குக் கடல் தாண்டிப் போகவில்லை. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமைதி காக்க என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சங்கரன்கோவில் பக்கம் மழை பொய்த்தால் கரிசலில் ஒன்றும் தேறாது, மிச்சம் விசைத்தறிதான். இரண்டும் வேண்டாமென்று ஆளெடுப்புக்கு ஓடித் தேறியவன். பட்டாளத்துச் சம்பளத்தில்தான் அக்கா கல்யாணமே நடந்தது.

அக்டோபரில் அமைதிப்படை சண்டைப்படை ஆகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கியப் படைவீரர் 30 பேரில் ஒருவர்தான் மிஞ்சினார். எந்த லட்சணத்தில் திட்டம் போட்டார்கள் என்பதற்கு அது ஒன்று போதாதா? 1990 மார்ச்சில் படை திரும்புவதற்குள் 1,100 பேருக்கு மேல் போய்விட்டார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். மற்றவர்கள் பேர் யாருக்குத் தெரியும்?

எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது. பின்னால் கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. மடித்த கைலி இரண்டு, சவரச் சாமான், எழுதி முடிக்காத இன்லண்டு லெட்டர். அடியில், கோமதி அம்மன் கோவில் புற்றுமண் பொட்டலம், அம்மா கட்டிக் கொடுத்த நூல்கட்டு அவிழாமல். அதைப் பார்த்த பிறகுதான் மதினி வாய்விட்டு அழுதாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிலேயே சிலர், “தமிழனைச் சுடப் போனவன்தானே” என்று வாசலில் நின்று பேசினார்கள். திரும்பிய படையைச் சென்னையில் வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. ஈழத் தமிழருக்கு நேர்ந்ததை மனதில் வைத்துத்தான் அப்படிச் செய்தார். அந்த வயிற்றெரிச்சல் எங்களுக்கு மட்டும் இல்லையா? யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் நம் படை சுட்டது, அதுவும் தீபாவளி நேரத்தில். அதை நான் மூடி மறைக்க மாட்டேன். சாகும்வரை அம்மா இரண்டுக்கும் சேர்த்தேதான் அழுதாள்.

ஆனால் கொழும்பை ஒட்டி, இலங்கை நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில், 2008-லேயே நம் வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழும்பிவிட்டது. 2015-ல் பிரதமர் மோடி அங்கே போய் மலர்வளையம் வைத்தார். டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்ததோ 2019-ல்தான். அந்நிய மண்ணில் முதலில் பேர் வெட்டினார்கள். சொந்த நாடு அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் யோசித்தது.

தமிழ்நாட்டில் ஓட்டுக்காக ஈழத்தைப் பேசாத மேடை இல்லை. டெல்லியில் ஜவானைப் புகழாத மேடை இல்லை. இரண்டிலும் எங்கள் அண்ணன் பேர் வராது. இங்கே அவன் துரோகி, அங்கே அவன் தோற்றுப்போன கணக்கு.

எங்களுக்குப் பட்டம் வேண்டாம், பரிதாபமும் வேண்டாம். அனுப்பியது தப்பென்றால், அனுப்பியவர்கள் யாழ்ப்பாணத்துத் தாய்மாரிடமும் எங்களிடமும் மன்னிப்புக் கேட்கட்டும். சரியென்றால் எங்கள் தெருவுக்கு வந்து, மைக் கட்டி, ஊர் கேட்கச் சொல்லட்டும். உத்தரவு போட்டவன் வாயை மூடிக்கொள்ள, உத்தரவுக்குப் பணிந்தவன் குடும்பம் பழி சுமக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?