பெட்டிக்குள் புளித்த கல்யாணம்

வடக்கனந்தலில் அத்தை வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். 1962-ல் நடந்த அத்தையின் கல்யாண நெகடிவ்கள்! மூடியைத் திறந்ததும் காடி நெடி. பிலிம் சுருண்டு, தொட்டால் ஒடிந்தது. "ஊறுகாய் கொட்டிவிட்டதோ?" என்றாள் அத்தை.

இல்லை, சகோதரிகளே! பிலிமும் பஞ்சின் வம்சந்தான். பஞ்சிலுள்ள செல்லுலோஸ் உருகாது; அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும். நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திக் கற்பூரம் சேர்த்தால், வளைந்து கொடுக்கும் உறுதியான தகடாகிறது. ஆனால் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும்! ஆகவே 1950-களில் சினிமாவும் அதைக் கைவிட்டு, அஸெடிக் அமிலம் இணைந்த அஸெடேட் பிலிமுக்கு மாறியது. தீப் பயம் தீர்ந்தது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்த அமிலம் பிரிந்து வெளியேறும். அதுவே மேலும் அரிக்கும், பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும்.

உங்கள் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள். நெடி வந்தால், அவற்றைத் தனியே பிரித்துக் காகித உறையிலிட்டு, குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தாமதிக்காமல் கணினியில் பிரதி எடுத்துவிடுங்கள்.

அத்தைக்குத் தாலி கட்டும் படம் ஒன்றுதான் ஒடியாமல் தப்பியது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.