உவமை புரிந்தால் ஆங்கிலம் இனிக்கும்!

"முயல் மாதிரித் துள்ளாதே! இடுப்பிலே குடம் இருக்கிறது!" என்று மகளை அதட்டுகிறாள் தாய். அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் அல்ல. ஆனாலும் அவள் பேச்சில் உவமை தானாக வந்து விழுகிறது. மகளுக்கும் அது உடனே புரிகிறது.

மறுநாள் அதே சிறுமி ஆங்கில வகுப்பில் இருக்கிறாள். "இந்தப் பாட்டில் சிமிலி எங்கே இருக்கிறது?" என்று ஆசிரியர் கேட்கிறார். சிறுமி திருதிருவென்று விழிக்கிறாள்.

சிமிலி என்றால் என்ன? உவமைதான்! வீட்டில் தினமும் புழங்கும் சரக்குதான். பெயர் மாறியதும் பயம் வந்துவிட்டது.

பயம் வந்தால் மனப்பாடம் வரும். கைடு புத்தகத்தில் உள்ளதை அப்படியே உருப்போடுகிறாள். பரீட்சையில் கேள்வி ஒரு சொல் மாறி வந்தால் போச்சு! "எனக்கு ஆங்கிலம் வராது" என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறாள். முதன்முதலாகப் படிக்க வந்த குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம்!

பனியும் பஞ்சும்

குற்றம் குழந்தையுடையது அல்ல. உவமைக்கு எடுத்த பொருள் தெரியாவிட்டால், உவமை எப்படிப் புரியும்?

"பனி போல வெள்ளை" என்று ஆங்கிலத்தில் வரும். நம் ஊர்க் குழந்தைக்குப் பனி என்றால் புல் நுனியில் நிற்கும் துளி. அது வெள்ளையாகவா இருக்கிறது? ஆங்கிலேயர் சொல்வது, வானத்திலிருந்து பஞ்சு போலக் கொட்டித் தரையை மூடும் உறைபனி. அதைப் படத்திலாவது காட்ட வேண்டாமா?

"இலவு காத்த கிளி" என்று லண்டன் சிறுவனிடம் சொன்னால் அவனும் விழிப்பான். காய் பழுக்கும் என்று கிளி காத்திருந்ததையும், காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்ததையும் சொன்னால்தான் அந்த ஏமாற்றம் அவனுக்குப் புரியும்.

ஆகவே, முதலில் பொருளைக் காட்டுங்கள். பிறகு உவமையைக் கேளுங்கள்.

நான்கு வழிகள்

தொழில், பயன், வடிவம், நிறம் என்னும் நான்கின் வழியாக உவமை பிறக்கும் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. தமிழ் வகுப்பில் படிக்கும் இந்தப் பாடம் ஆங்கில வகுப்புக்கும் உதவும். "எதை எதோடு ஒப்பிட்டார்? எந்த வகையில் ஒப்பு?" என்று கேட்டால் போதும். பாதிக் கதவு திறந்துவிடும்.

தங்கை எங்கே போனாள்?

இங்கிலாந்துக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பாடிய டாபோடில் மலர்ப் பாட்டைப் பாருங்கள். டாபோடில் என்பது குளிர்காலம் கழிந்து வசந்தம் பிறக்கும்போது பூக்கும் மஞ்சள் மலர். 1802 ஏப்ரல் 15 அன்று, அல்ஸ்வாட்டர் என்ற ஏரிக் கரையில் அந்த மலர்க் கூட்டத்தைக் கவிஞர் கண்டார். அவர் தங்கை டாரதியும் உடன் இருந்தார். அன்று கண்டதை அவர் தம் நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார்.

ஆனால் 1807-ல் வெளிவந்த பாட்டில் தங்கையைக் காணோம்! மேகம் போலத் தாம் தனியே திரிந்ததாகக் கவிஞர் பாடுகிறார். ஏன்?

பாட்டின் கடைசியைப் பாருங்கள். அங்கேயும் அவர் தனியாகத்தான் இருக்கிறார். ஆனால் இப்போது மலர்களின் நினைவு வருகிறது. உள்ளம் கூத்தாடுகிறது. தொடக்கத்தில் வெறும் தனிமை. முடிவில் இன்பத் தனிமை! "கண்ட அழகு நெஞ்சில் தங்கி, பின்னாளில் துணை நிற்கும்" என்பதே பாட்டின் உட்கருத்து. இதைத்தான் ஆங்கிலத்தில் தீம் என்கிறார்கள். மேகம் என்ற உவமை அதற்கு வழிகாட்டுகிறது.

கதை வேறு, கருத்து வேறு

கதைச் சுருக்கத்தையே தீம் என்று எழுதும் மாணவர் பலர். முயலும் ஆமையும் ஓடியது கதை. விடாமுயற்சி வெல்லும் என்பது கருத்து. "என்ன நடந்தது?" என்று கேட்டால் கதை கிடைக்கும். "இதனால் என்ன சொல்ல வருகிறார்?" என்று கேட்டால் கருத்து கிடைக்கும்.

ஆசிரியர்களே! குறிப்பு எழுதிப் போடுவதற்கு முன், பாட்டைத் தமிழில் பேசவிடுங்கள். குழந்தை சொந்தமாகச் சொல்லும் பதில், கைடு பதிலை விடச் சிறியதாக இருக்கலாம். ஆனால் அது அவளுடையது. அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

தாய்மார்களே! "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று ஒதுங்க வேண்டாம். இன்று மாலை மகளை அருகில் உட்கார வைத்து, "பாட்டிலே எதை எது மாதிரி சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. அடுப்படியில் நீங்கள் பேசும் பேச்சே போதும்!