புதைக்க உரிமை உண்டா?

விற்பனைக்கே வராத ஒரு சாமானை எப்படி உபயோகிப்பது என்று விளக்கும் புத்தகத்தை வாசகர்கள் யாராவது பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றல்ல, இரண்டு புத்தகங்கள் அமெரிக்காவில் அச்சாயின. பக்கம் பக்கமாக உதாரணங்கள், பயிற்சிகள், படங்கள். வாங்கியவர் புத்தகத்தை மேஜைமேல் பிரித்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்தால், அதில் சொன்ன புரோகிராம் எந்தக் கடையிலும் கிடையாது. கல்யாணம் நின்றுபோன பிறகு வீடு வந்து சேர்ந்த கல்யாணப் பத்திரிகை மாதிரி!

அந்த புரோகிராமின் பெயர் மாக்பேசிக். அதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பாங்கி உத்தியோகத்திலிருக்கும் என் நண்பர் சிரித்துவிட்டார். "நாற்பது வருஷத்துக் குப்பை ஸார் அது. கம்பெனிக்காரன் செய்தான், கம்பெனிக்காரன் வேண்டாமென்று மூட்டை கட்டிவிட்டான். அவன் சொத்து, அவன் இஷ்டம். கதை எழுதுகிறவருக்கு ஏன் இந்த வம்பு?" என்றார்.

கதை எழுதுகிறவன் என்பதால்தான் இந்த வம்பு. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் சங்கதியைக் கேளுங்கள்.

கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு விஞ்ஞானிகள் மட்டுமே பழகிய கடினமான பாஷைகள் இருந்த காலத்தில், சாதாரண மாணவனும் பேசட்டும் என்று அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1964இல் ஒரு சுலபமான பாஷையை உண்டாக்கினார்கள். அதுதான் பேசிக். பத்து, இருபது என்று வரிகளுக்கு எண் போட்டு எழுதினால் யந்திரம் சொன்னதைச் செய்யும். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட நான்கூடப் பள்ளிக்கூட நாளில் அதில் பத்து வரி எழுதி, என் பெயரைத் திரையில் நூறு தடவை வரவழைத்துப் பூரித்திருக்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது அநேகமாக எல்லாவற்றிலும் இந்தப் பேசிக்கும் கூடவே வந்தது. வாங்கியவன் வெறும் உபயோகிப்பாளன் அல்ல, எழுதவும் செய்யலாம் என்பதுதான் அதன் அர்த்தம்.

1984 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனி மாக்கின்டாஷை வெளியிட்டது. விலை 2,495 டாலர். மிக அழகான யந்திரம்தான். ஆனால் அதற்கென்று ஒருவர் முறையாக புரோகிராம் எழுத வேண்டுமானால் ஆரம்பத்தில் லிசா என்ற இன்னொரு விலையுயர்ந்த யந்திரம் வேண்டியிருந்தது. இந்தக் குறையைப் போக்குவதற்காகவே டான் டென்மன் என்ற இளைஞர் பல வருஷங்களாக ஆப்பிளில் உட்கார்ந்து மாக்பேசிக்கை எழுதிக்கொண்டிருந்தார். முதல் மாக்கின்டாஷின் நினைவகம் மொத்தமே 128 கே. அந்தக் குருவிக்கூட்டுக்குள் ஒரே சமயத்தில் பல புரோகிராம்களை ஓடவைக்க மாக்பேசிக்கினால் முடிந்தது. மைக்ரோஸாப்ட் கம்பெனியும் மாக்கின்டாஷுக்கு ஒரு பேசிக் விற்றது. அது மெதுவானது, மாக்கின்டாஷின் தனிச் சிறப்புகளைத் தொடாதது என்று அந்த யந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பிறகு ஏன் நல்லது செத்தது?

காரணம் வேறொரு யந்திரத்தில் இருந்தது. ஆப்பிளுக்கு அப்போது சோறு போட்டது மாக்கின்டாஷ் அல்ல, பழைய ஆப்பிள் 2. அதிலிருந்த பேசிக்கை 1977இல் எட்டு வருஷ ஒப்பந்தத்தின்பேரில் மைக்ரோஸாப்டிடமிருந்து வாங்கியிருந்தார்கள். 1985இல் கெடு முடிந்தது. அதை நம்பி ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் எழுதப்பட்டுவிட்டன, மாற்ற வழியில்லை. பில் கேட்ஸுக்கு இது நன்றாகத் தெரியும். ஒப்பந்தம் நீடிக்க வேண்டுமானால் மாக்பேசிக்கைக் கைவிட வேண்டும் என்றார். விலையும் பேசினார்: ஒரு டாலர். இதுவும் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் சொல்வதே. ஒரு மனிதனின் பல வருஷ உழைப்பு ஒரு டாலருக்குக் கைமாறியது, விற்பதற்காக அல்ல, விற்காமலிருப்பதற்காக!

வியாபாரத்தில் இது சகஜம் என்று நண்பர் சொல்வார். இருக்கட்டும். ஒரு கம்பெனி தன் சரக்கை விற்காமலிருக்கலாம். அதை நான் ஆட்சேபிக்கவில்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் என் வழக்கு.

மாக்பேசிக்கின் சோதனைப் பிரதி ஏற்கனவே டார்ட்மத் கல்லூரிக்குப் போயிருந்தது. பேசிக் பிறந்த அதே கல்லூரிதான். ஆரம்ப வகுப்பு மாணவர்கள் அதில் பாடம் கற்றுக்கொண்டிருந்தார்கள். திட்டம் ரத்தானதும் பிரதிகளைத் திரும்பப் பெற ஆப்பிள் முயன்றது. ஆனால் மாணவர்கள் ஏற்கனவே நகல் எடுத்துவிட்டார்கள். ஒருவரிடமிருந்து ஒருவராக அந்த நகல் பரவியது. கம்பெனியின் பாஷையில் இதற்குப் பெயர் திருட்டு.

இன்று மாக்பேசிக் எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள், பழைய மென்பொருள்களைச் சேர்த்துவைக்கும் ஆர்வலர்களின் சேகரிப்புகளில் அதைப் பார்க்கலாம். பழைய மாக்கின்டாஷைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராம்களும் இனாமாகவே கிடைக்கின்றன. யோசித்துப் பாருங்கள். சொந்தக்காரர்கள் சொன்னபடி எல்லாரும் யோக்கியமாகப் பிரதியைத் திருப்பிக் கொடுத்திருந்தால், அந்த இரண்டு புத்தகங்களின் வாசகனுக்கு மிஞ்சியிருப்பது வெறும் பெயர்தானே? காப்பாற்றியது யார்? சொத்துக்காரனா, திருடனா?

இந்த இடத்தில் நான் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். என் நாவல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இனாமாக வீசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும். ராயல்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவன் நான். ஆனால் கடையில் இருக்கும் புத்தகத்தை நகலெடுப்பது வேறு. கடைக்கு வரவே கூடாதென்று சபிக்கப்பட்ட புத்தகத்தை நகலெடுப்பது வேறு. முன்னது என் சோற்றில் மண் போடுவது. பின்னதில் யாருடைய சோறு கெட்டது?

இனி என் சொந்தக் கதை. 2003இல் என் முதல் நாவலை ஒரு பதிப்பகம் மொத்த உரிமையோடு எழுதி வாங்கிக்கொண்டது. கம்ப்யூட்டரில் அச்சுக் கோத்து, இரண்டு தடவை புரூபும் பார்த்தாயிற்று. அந்தச் சமயத்தில் அதே விஷயத்தை வைத்து அவர்களுடைய பிரபல எழுத்தாளர் ஒருவரின் நாவல் தயாராகிக்கொண்டிருந்தது. என்னுடையதை நிறுத்திவிட்டார்கள். போய்க் கேட்டேன். "உரிமை எங்களுடையது, தம்பி" என்றார் முதலாளி, மிகவும் பிரியமாக. பிறகு காரியாலயம் இடம் மாறியபோது கைப்பிரதி போன இடம் தெரியவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து, அங்கே டி.டி.பி. வேலை பார்த்தவரை அவருடைய ஜெராக்ஸ் கடையில் தற்செயலாகச் சந்தித்தேன். உள்ளே போய் ஒரு பிளாப்பியை எடுத்து வந்து கையில் வைத்தார். "அழிச்சிடச் சொன்னாங்கண்ணே. படிச்சுக்கிட்டே அடிச்சேனா, மனசு வரல" என்றார்.

வீட்டில் திறந்து பார்த்தால் தமிழே இல்லை. அந்தந்த அச்சகம் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்த காலம் அது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் என் கதாநாயகி கேள்விக்குறிகளும் டாலர் குறிகளுமாக அழுதுகொண்டிருந்தாள். பொறுமைசாலியான ஒரு பையன் எழுத்தெழுத்தாகப் பொருத்தி அதை மாற்றிக் கொடுத்தான். இருபத்திரண்டு அத்தியாயங்களில் பத்தொன்பது கிடைத்தன. அந்த நாவலை நான் இன்னும் வெளியிடவில்லை, உரிமை அவர்களிடம். ஆனால் அது இருக்கிறது. 'இருக்கிறது' என்ற சொல்லின் அருமை, இல்லாமல் போன ஒன்றைத் தேடியவனுக்குத்தான் தெரியும்.

டென்மனையும் என்னையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் அவருக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு அந்நியமான விஷயமல்ல.

நண்பரின் கட்சிக்கு வருகிறேன். "அரைகுறையாய் நின்ற வேலையை அம்பலத்தில் வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். எழுதியவனே தன் கைப்பிரதியை அடுப்பில் போட்டால், அது அவன் சுதந்திரம், நானும் போட்டிருக்கிறேன். இங்கே போட்டது எழுதியவனா? மேலும், புத்தகம் எழுதவும் வகுப்பில் பாடம் நடத்தவும் போதுமான ஒன்றை அரைகுறை என்பது எந்த நியாயம்?

"பழசாகிவிட்டதே, என்ன பிரயோஜனம்?" என்பது அடுத்த கேள்வி. மாக்பேசிக்கை வைத்து இன்று யாரும் வியாபாரக் கணக்கு எழுதப் போவதில்லை. ஆனால் அது ஒரு விளையாட்டு சாமான் அல்ல, ஒரு பேனா. சாமானிய ஜனங்கள் கையில் எந்தப் பேனா கொடுக்கப்பட்டது, எந்தப் பேனா பிடுங்கப்பட்டது என்பது சரித்திரம். ஜெயித்தவனின் சரக்கு மட்டும் மிஞ்சினால், ஜெயித்தது சிறந்தது என்று பின்னால் வருகிறவர்கள் நம்பிவிடுவார்கள். தோற்றதும் கூடவே இருந்தால்தானே ஒப்பிட முடியும்?

"காலம் வரும்போது தானாக வெளிவரும்" என்பது மூன்றாவது சமாதானம். எப்போது வரும் தெரியுமா? கம்பெனிச் சம்பளத்துக்கு எழுதப்பட்டு வெளியிடப்படாமலிருக்கும் எழுத்துக்கு அமெரிக்கச் சட்டம் கொடுக்கும் ஆயுள், எழுதிய வருஷத்திலிருந்து 120 ஆண்டுகள். 1985இல் எழுதியது 2105 முடியும் வரை பூட்டுக்குள் இருக்கும். அது பதிந்திருக்கும் காந்தத் தகடோ முப்பது நாற்பது வருஷம் தாங்கினாலே பாக்கியம். அதைப் படிப்பதும் லேசல்ல. அந்தக் கால மாக்கின்டாஷின் 400 கே தகடு வெளிவட்டத்தில் மெதுவாகவும் உள்வட்டத்தில் வேகமாகவும் சுழலும், சாதாரண பி.ஸி.யின் டிரைவ் அதைப் படிக்காது. இதற்கென்று செய்த கருவியை வைத்து, காந்தம் எந்தக் கணத்தில் திசை மாறுகிறது என்பதையெல்லாம் பதிவு செய்து, அதிலிருந்து எழுத்தை மீட்கிறார்கள். சம்பளமில்லாத வேலை. பூட்டு 120 வருஷம், பெட்டி 40 வருஷம்! சாவி கிடைக்கும்போது உள்ளே துருதான் இருக்கும்.

நூலகங்களுக்கென்று அமெரிக்காவில் 2018இல் ஒரு சலுகை வந்தது. கடையில் கிடைக்காமல் போன மென்பொருள்களின் பூட்டை உடைத்துப் பாதுகாக்கலாம். சந்தோஷம். ஆனால் பிரதி சட்டப்படி பெற்றதாக இருக்க வேண்டுமாம். விற்பனைக்கே வராததைச் சட்டப்படி வாங்கியவன் எங்கே இருப்பான்? அநாதைக்குச் சோறு உண்டு, தகப்பனிடம் கையெழுத்து வாங்கி வா என்பது போலிருக்கிறது.

வெளியே விட்டால் கம்பெனிகளுக்கு நஷ்டமா? ஆப்பிள் 2இன் டாஸ் மூல எழுத்து 2013இலும், லிசாவினுடையது 2023இலும், ஆப்பிளின் சம்மதத்தோடேயே கலிபோர்னியாவிலுள்ள கம்ப்யூட்டர் சரித்திர மியூசியம் வழியாக வெளிவந்தன. ஆப்பிள் திவாலாகவில்லை. மைக்ரோஸாப்டும் 2020இல் ஜிடபிள்யூ-பேசிக்கையும், 2025 செப்டம்பரில் தன் பழைய 6502 பேசிக்கையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தது. பாராட்டுகிறேன். ஆனால் தான் பெற்ற பிள்ளைகளை ஊர்வலம் விடுகிறவர்களின் பட்டியலில், ஒரு டாலருக்கு வாங்கிய பிள்ளையின் பெயரை நான் காணவில்லை.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் ஒரு நல்ல வாசகம் இருக்கிறது. எழுத்தாளனிடம் உரிமை வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக ஒப்பந்தத்தில் எழுதியிராத பட்சத்தில், அந்த உரிமை காலாவதியாகும். என் ஒப்பந்தத்தில் வேறுவிதமாகத்தான் எழுதியிருந்தார்கள்! போகட்டும். தத்துவம் சரியானது: உழாதவனுக்கு நிலம் எதற்கு? அந்த 'வேறுவிதமாக' என்ற ஓட்டையை அடைத்து, இதே தத்துவத்தைக் கம்ப்யூட்டர் எழுத்துக்கும் உலகம் முழுவதும் விரித்தால் போதும். பத்து வருஷம் விற்காமல் வைத்திருக்கிறாயா? ஒரு பிரதியைப் பொது நூலகத்தில் கொண்டு வந்து வை. உன் பெயரை யாரும் எடுக்கப் போவதில்லை; உன் லாபத்தையும் எடுக்கப் போவதில்லை, ஏனென்றால் லாபமே கிடையாது.

அதுவரையில், கல்லூரி விடுதியில் ராத்திரி நகலெடுத்த அந்த மாணவர்களையும், "மனசு வரல" என்ற அந்த டி.டி.பி.க்காரரையும் திருடர்கள் என்று என் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம். என் நண்பர் உள்பட.