மதிலுக்கு அப்பால் ஒரு குரல்: அடூர் கோபாலகிருஷ்ணனும் நம் தமிழ் வகுப்பறையும்

திரைப்படம் இலக்கியம் பயில்வோர்க்கு ஒவ்வாதது என்னும் எண்ணம் நம்மிடையே நெடுநாளாக வேரூன்றி நிற்கிறது. தமிழ்த்துறையினர் என்ற முறையில் அதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறோம். இசுலாமியச் சமுதாயத்தைச் சார்ந்தவர் என்ற முறையிலோ, இளைஞரைக் கெடுக்கும் வாயில் என்று அஞ்சி விலக்குகிறோம். இவ்விரு விலக்கலுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. ஆபாசமும் வன்முறையும் மலிந்த படங்கள் நாள்தோறும் வெளிவருவதை யாரும் மறுக்க இயலாது. ஆயினும், மட்டமான நாவல்கள் மிகுந்துள்ளமையால் நாவல் இலக்கியத்தையே நாம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிடவில்லை. நல்லதைத் தேர்ந்து கற்பிப்பதே ஆசிரியர் கடன் என்று கொண்டோம். அதே அளவுகோலைத் திரைப்படத்திற்கு ஏன் நாம் கொள்ளவில்லை? இவ்வினாவை முன்வைத்து, அண்டை மொழியாகிய மலையாளத்தின் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனின் வாழ்வையும் பணியையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1941ஆம் ஆண்டு கேரளத்தின் அடூரில் பிறந்தவர் அவர். கதகளியை ஆதரித்துப் போற்றிய குடும்பம் அவருடையது. இளமையிலேயே நாடக மேடை அவரை ஈர்த்தது. அவருக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள உறவு நம்மில் பலர் அறியாதது. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமக் கிராமியக் கல்வி நிறுவனத்தில்தான் அவர் பொருளியலும் அரசியலும் பொது நிர்வாகமும் பயின்றார். அதன்பின் சிறிது காலம் அரசின் புள்ளிவிவரத் துறையில் பணியாற்றினார். நிலையான ஊதியம் தரும் அவ்வேலையை உதறிவிட்டு 1962இல் புனேயிலுள்ள திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். நாடகம் எழுதுவதற்கும் இயக்குவதற்கும் துணையாகும் என்று கருதிச் சென்றவரைத் திரைக்கலை முழுவதுமாக ஆட்கொண்டது.

படிப்பை முடித்துத் திரும்பியவர், வாய்ப்புத் தேடிப் படப்பிடிப்பு நிலையங்களின் வாயிலில் நிற்கவில்லை. 1965இல் திருவனந்தபுரத்தில் நண்பர்களுடன் 'சித்ரலேகா' திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். நல்ல படங்களைக் காணும் கண்களை முதலில் உருவாக்க வேண்டும். அதன்பின்னரே நல்ல படங்களை எடுத்தல் கூடும் என்பது அம்முயற்சியின் உட்கருத்து எனலாம். படிப்பு முடிந்து ஏழாண்டுகள் கழித்தே, 1972இல், முதற்படமான 'சுயம்வரம்' வெளிவந்தது. திரைப்பட நிதிக் கழகத்தின் கடனும் கூட்டுறவு முயற்சியும் அதற்குத் துணை நின்றன. வீட்டாரை எதிர்த்து மணந்து நகரத்திற்கு வந்த ஓர் இளம் இணையின் வறுமையைச் சொல்லும் அப்படம், சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த நடிகை, சிறந்த ஒளிப்பதிவு ஆகிய நான்கு தேசிய விருதுகளைப் பெற்றது. இத்தகைய வெற்றிக்குப் பின் வேறொருவராயின் ஆண்டுக்கு இரண்டு படம் எடுத்திருப்பார். அடூரின் அடுத்த படமான 'கொடியேற்றம்' வெளிவர ஐந்தாண்டுகள் ஆயின. பின்னணி இசையே இல்லாமல் அமைந்த படம் அது. 1972 முதல் 2016 வரையிலான 44 ஆண்டுகளில் அவர் அளித்த முழுநீளக் கதைப்படங்கள் 12 மட்டுமே. 2004ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. சொல்ல ஒன்று இருக்கும்போது மட்டுமே பேசும் ஒருவரின் நாவடக்கம் இந்த எண்ணிக்கையில் தெரிகிறது.

அவருடைய படங்கள் மெதுவாக நகர்கின்றன, புரியவில்லை என்று கூறுவோர் உளர். இம்மனக்குறையைத் தீர்க்கும் கருவிகள் வேறெவரையும் விடத் தமிழ் பயில்வோரிடமே மிகுதியாக உள்ளன என்பது நம் கருத்து. வெளிப்படச் சொல்லாமல் உள்ளே பொதிந்து வைக்கும் கலையை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பெயரிட்டு ஆராய்ந்த மரபு நம்முடையது. களன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவற்றைச் செய்யுள் உறுப்புகளாகவே தொல்காப்பியர் எண்ணினார். இவற்றைக் கற்ற மாணவர்க்கு அடூரின் படம் அயலானதாக இருக்க இயலாது.

எடுத்துக்காட்டாக 1981இல் வெளிவந்த 'எலிப்பத்தாயம்' படத்தைக் காண்போம். நிலவுடைமைப் பெருமை தேய்ந்துபோன ஒரு நாயர் குடும்பத்தின் தலைவன் உண்ணி. சாய்வு நாற்காலியை விட்டு எழாதவன். வழியில் சேறு கிடந்தால் மேற்செல்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுபவன். உடன்பிறந்தாளின் உழைப்பில் வாழ்ந்துகொண்டே அவள் வாழ்வைத் தேயவிடுபவன். வீட்டில் எலிகள் பொறியில் சிக்குகின்றன. இளைய தங்கை அவற்றைக் குளத்தில் மூழ்கடிக்கிறாள். இறுதியில் இருளில் ஒளிந்து வாழும் உண்ணியைச் சிலர் இழுத்து வந்து அதே குளத்தில் எறிகின்றனர். எலிதான் உண்ணி என்று எந்தப் பாத்திரமும் சொல்வதில்லை. குறிஞ்சிப் பாட்டில் யானையும் சுனையும் தலைமக்களின் நிலையைச் சொல்லாமற் சொல்வது போலவே இங்கு எலியும் பொறியும் நிற்கின்றன. உள்ளுறை உவமம் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ? இப்படத்திற்குப் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் 1982இல் சதர்லாந்து கோப்பையை வழங்கியது. ஒரு சிற்றூரின் ஒரு வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத படம் இலண்டனில் போற்றப்பட்டது என்பதை, உலகத்தரம் வேண்டுமாயின் சொந்த மண்ணை மறக்க வேண்டும் என்று எண்ணுவோர் கருதிப் பார்க்க வேண்டும்.

இதே இடத்தில் தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி' நம் நினைவுக்கு வருகிறது. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நாவலிலும் பழம்பெருமையில் தோய்ந்த ஒரு முஸ்லிம் குடும்பம் சரிகிறது; அங்கும் முஸ்தபாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார்; அங்கும் பெண்களின் கண்ணீரின்மேல்தான் ஆண்களின் பெருமை நிற்கிறது. சமயம் வேறு, மொழி வேறு, நோய் ஒன்றே. இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடும் மாணவன், தன் சமுதாயத்தின் குறையைப் பிறர் சுட்டுமுன் தானே காணும் துணிவைப் பெறுவான். ஒப்பிலக்கியம் என்று ஏட்டளவில் நாம் நடத்தும் பாடத்திற்கு இதனை விடப் பொருத்தமான பயிற்சி இல்லை.

அடூரின் படங்களுள் நம் உள்ளத்திற்கு மிக நெருக்கமானது 'மதிலுகள்'. வைக்கம் முகம்மது பஷீரின் குறுநாவலை அடிப்படையாகக் கொண்டு எடுக்கப்பட்ட இப்படம், 1989ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த இயக்குநர் விருதை அடூருக்கும் சிறந்த நடிகர் விருதை மம்மூட்டிக்கும் பெற்றுத் தந்தது. விடுதலைக்கு முந்திய திருவிதாங்கூரில், ஆட்சியை எதிர்த்து எழுதியதற்காகச் சிறைப்பட்ட எழுத்தாளர் பஷீரே கதைத்தலைவர். உடனிருந்த அரசியல் கைதிகள் விடுதலையாகிச் சென்றபின் தனிமை அவரை வாட்டுகிறது. ஒருநாள் மதிலுக்கு அப்பால், பெண்கள் சிறையிலிருந்து, ஒரு சிரிப்பொலி கேட்கிறது. நாராயணி என்னும் அப்பெண்ணும் அவரும் மதிலின் இருபுறமும் நின்று உரையாடுகின்றனர். இவர் ஒரு ரோஜாச் செடியை மதிலுக்கு மேலே எறிகிறார். தான் வந்திருப்பதை உணர்த்த அவள் ஒரு சுள்ளியை மேலே வீசுகிறாள். நேரில் சந்திக்க நாள் குறிக்கின்றனர். அதற்குள் விடுதலை ஆணை வந்துவிடுகிறது. சந்திப்பு நிகழவில்லை.

நாராயணியின் முகத்தை அடூர் ஓரிடத்திலும் காட்டவில்லை. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டுமே கேட்கிறது. பஷீர் தம் எழுத்தில் மதிலைக் கடந்து செல்லாதது போலவே அடூரின் ஒளிப்படக் கருவியும் கடந்து செல்லவில்லை. வணிக நோக்குடையோர் இக்கதையைக் கையாண்டிருந்தால், அப்பெண்ணைக் காட்டி ஒரு கனவுப் பாடலும் சேர்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை. காட்டாமல் விட்டமையால் ஒவ்வொரு காண்போர் உள்ளத்திலும் ஒரு நாராயணி பிறக்கிறாள். நம் இலக்கணத்தார் எச்சம் என்றது இதனையே. அகப்பாடல்களில் தலைவன் சிறைப்புறத்தானாக நிற்க, தோழி கூறும் கூற்றுகளை நாம் வகுப்பில் விளக்குகிறோம். வேலிக்கு அப்பால் நிற்பவன் காதில் விழுமாறு பேசும் அந்நாடகத்தை இருபதாம் நூற்றாண்டுச் சிறையின் மதிலருகே மாணவர் காணும்போது, சிறைப்புறம் என்னும் துறை தேர்வுக்கு உரிய சொல்லாக நில்லாது உயிருள்ள அனுபவமாக மாறும். பார்வையின் நாணத்தைக் காத்துக்கொண்டே காதலைச் சொல்ல இயலும் என்பதற்கும் இப்படம் சான்று. திரைப்படத்தை ஒழுக்கக் கேடென்று அஞ்சும் நம் பெரியோர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

மற்றொன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். தமிழ்த் திரையில் இசுலாமியர் எவ்வாறு தோன்றுகின்றனர்? ஒன்று, தொப்பியும் தாடியுமாக வந்து தலைவனுக்கு உதவி செய்து மறையும் நல்ல 'பாய்'. இன்றேல், துப்பாக்கி ஏந்திய தீவிரவாதி. 1990களுக்குப் பின் இரண்டாவது வகை பெருகியதை நாம் அறிவோம். 'மதிலுகள்' காட்டும் பஷீர் இவ்விரு சட்டகத்திலும் அடங்காதவர். அவர் சிரிக்கிறார், சிறைக்காவலரோடு நட்புக் கொள்கிறார், ரோஜாத் தோட்டம் வளர்க்கிறார், ஏங்குகிறார். முஸ்லிமாக இருந்துகொண்டே மனிதராக இருக்கிறார். அதற்காக எவரிடமும் நற்சான்று கேட்கவில்லை. எழுதியவர் ஒரு முஸ்லிம். திரையில் வடித்தவர் ஓர் இந்து. ஒருவர் வாழ்வை மற்றவர் உண்மையோடு சொல்ல இயலும் என்பதற்கு இக்கூட்டு முயற்சியே சான்று. நம்மைத் தவறாகக் காட்டும் படங்களைக் கண்டிக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் சரியாகக் காட்டிய படத்தை நாமே பார்த்திராவிட்டால் அக்கண்டனத்திற்கு வலிமை ஏது?

அடூரைப் போற்றுவதால் அவர் சொல்வன எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற திரைப்படக் கொள்கை மாநாட்டில், பட்டியல் சமூகத்தினர்க்கும் பெண்களுக்கும் படமெடுக்க அரசு வழங்கும் நிதியுதவி பற்றிப் பேசுகையில், அவர்கட்கு முன்பயிற்சி அளிக்க வேண்டும் என்று அவர் கூறியது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. நமக்கும் அதில் உடன்பாடில்லை. பயிற்சி, புதிதாகப் படமெடுக்கும் எவர்க்கும் வேண்டுவதே. சில பிரிவினரை மட்டும் சுட்டிச் சொல்லும்போது அவர்தம் தகுதியின்மேல் ஐயத்தின் நிழல் விழுகிறது. பால் சக்கரியாவின் கதையைத் தழுவி 1993இல் அவர் எடுத்த 'விதேயன்' படத்தில், ஆதிக்கம் ஒருவனின் உடலை மட்டுமின்றி உள்ளத்தையும் எவ்வாறு அடிமையாக்குகிறது என்பதைக் காட்டியவர் அவர். பட்டேலரின் கொடுமையையும் தொம்மியின் பணிவையும் கண்ட நாம், அப்படம் தந்த தெளிவைக் கொண்டே இயக்குநரின் சொல்லையும் எடைபோடலாம். படைப்பைக் கற்பது என்பது படைப்பாளியைத் தொழுவது ஆகாது.

நம் வேண்டுகோள் பெரிதன்று. ஒவ்வொரு பருவத்திலும் இலக்கியத்தைத் தழுவிய ஒரே ஒரு நல்ல படத்தைத் துறை தேர்ந்தெடுக்கட்டும். மூலநூலை மாணவர் முதலில் படிக்கட்டும். பின்னர் ஆசிரியர் முன்னிலையில் படத்தைப் பார்க்கட்டும். எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது, ஏன் என்று விவாதித்து எழுதட்டும். இதற்குப் பெரும் பொருட்செலவும் தேவையில்லை. 'மதிலுகள்' குறுநாவலின் தமிழாக்கம் கிடைக்கிறது. தொடக்கமாக அதனையே கொள்ளலாம். நாம் காட்டாவிட்டால் மாணவர் படம் பார்க்காமல் இருக்கப் போவதில்லை. கையிலுள்ள கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டுதான் இருப்பர். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதைக் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது. திண்டுக்கல் அருகே பயின்று சென்ற ஓர் இளைஞர், காணும் கண்களை உருவாக்குவதையே தம் முதற்பணியாகக் கொண்டார். ஒரு தமிழ்த்துறை அப்பணியில் ஒரு சிறு பங்கையேனும் ஏற்குமாயின், அது இலக்கியக் கல்விக்குச் செய்யும் தொண்டாகவே அமையும் என்பது நம் துணிபு.