அழித்தவனுக்கே ஆரத்தி

நவம்பர் 23 வந்துவிட்டால் போதும், டாக்டர் ஹூ ரசிகர்களைப் பிடிக்க முடியாது. 1963ஆம் வருடம் அதே தேதியில், அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள் சாயங்காலம், பிபிசியில் ஆரம்பித்த சீரியல் அது. வெளியே இருந்து பார்த்தால் பழைய லண்டன் போலீஸ் பெட்டி, உள்ளே போனால் மாளிகை மாதிரி விரிகிற ஒரு கால இயந்திரம். அதில் ஊர் ஊராக, யுகம் யுகமாகச் சுற்றுகிற, பெயர் சொல்லாத ஒரு வேற்றுக்கிரகவாசி. சாகப்போகிற நேரத்தில் சாகாமல் உடம்பையே மாற்றிக்கொள்வார் (அதாவது நடிகர் மாறுவார். எப்பேர்ப்பட்ட ஐடியா!). 1989இல் நிறுத்தினார்கள், 1996இல் ஒரே ஒரு டிவி படமாகத் தலைகாட்டியது, 2005இல் மறுபடி உயிர் பெற்றது. இவ்வளவு நீளமான சரித்திரம் இருந்தால் கொண்டாடாமல் விடுவார்களா? நீலப் பெட்டி வடிவில் கேக், தரையில் புரளும் நீளத்துக்கு டாம் பேக்கர் மஃப்ளர், எல்லா டாக்டர்களின் முகத்தையும் வரிசையாக ஓட்டிக் காட்டும் வீடியோ.

அந்த வீடியோக்களில் தவறாமல் ஒரு காட்சி வரும். முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னல் தரையில் கிடப்பார். முகம் வெளிச்சத்தில் கரையும். வெளிச்சம் அடங்கும்போது அதே இடத்தில் பேட்ரிக் ட்ரௌட்டன் படுத்திருப்பார். 1966 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பானது. இந்தச் சீரியல் அறுபது வருடம் தாண்டியதற்கே காரணமான சில நொடிகள் அவை. ரசிகர்கள் கண் கலங்குவார்கள், கை தட்டுவார்கள். அந்த எபிசோடின் மிச்சம் எங்கே என்று மட்டும் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் விருந்தில் சங்கடம்.

மிச்சம் இல்லை. பிபிசியே அழித்துவிட்டது. இந்தச் சில நொடிகள் பிழைத்தது கூட, 1973இல் பத்து வருட நிறைவை ஒட்டி 'ப்ளூ பீட்டர்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி அந்தத் துண்டை எடுத்துப் போட்டதால்தான். ஒரு கொண்டாட்டத்துக்காகக் கத்தரித்த துண்டு நிற்கிறது, முழுத்துணி போய்விட்டது.

கணக்கைப் பார்க்கலாம். 1963 முதல் 1969 வரை கறுப்பு வெள்ளையில் வந்தவை மொத்தம் 253 எபிசோடுகள். 1967க்கும் 1978க்கும் நடுவில் பிபிசி இவற்றின் வீடியோ டேப்புகளை அழித்துத் திரும்ப உபயோகித்தது. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்து வைத்திருந்த 16 எம்எம் ஃபிலிம் பிரதிகளையும் விற்பனை உரிமை முடிந்ததும் குப்பைக்கு அனுப்பியது. 2013 அக்டோபரில் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து ஒன்பது எபிசோடுகள் மீண்டு வந்ததாக அறிவித்தபோது உலகமே துள்ளியது. அந்தத் துள்ளலுக்குப் பிறகும் காணாமல் போனவை 97. ஐந்தில் இரண்டு பங்கு.

முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசேன், லக்னோவில் பிறந்தவர். இங்கிலாந்தின் செல்லப் பிள்ளையான சீரியலின் பிறப்பில் ஒரு இந்தியர் கை இருந்தது என்பதை ஆண்டு விழாக்களில் இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். சந்தோஷம். 1964இல் அவர் பெரும்பகுதி இயக்கிய 'மார்கோ போலோ' கதையின் ஏழு எபிசோடுகளில் ஒன்றுகூட பிபிசியிடம் மிஞ்சவில்லை என்பதையும் அதே மேடையில் அதே குரலில் சொல்வார்களா?

இங்கே பிபிசிக்கு வக்காலத்து வாங்க ரசிகர்களே முந்திக்கொண்டு வருவார்கள் என்பதுதான் வேடிக்கை. டேப் அன்றைக்கு யானை விலை. நடிகர் சங்க ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை இஷ்டத்துக்கு மறு ஒளிபரப்பு செய்ய முடியாது. வீட்டில் வீடியோ என்ற சமாச்சாரமே கிடையாது. கலர் டிவி வந்த பிறகு கறுப்பு வெள்ளையை யார் சீந்துவார்கள்? எல்லாமே உண்மை, மறுக்க வேண்டாம். ஆனால் டேப் விலை டேப்பை அழித்ததற்குத்தான் பதில், ஃபிலிமை அழித்ததற்கு அல்ல. ஃபிலிமில் புதிதாக எதையும் பதிந்துகொள்ள முடியாது. அது அலமாரியில் இடத்தை அடைத்தது, அவ்வளவுதான் அதன் குற்றம். அத்தனை பெரிய நிறுவனத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்ய என்றே ஒரு ஆளை 1978இல்தான் போட்டார்கள். கஷ்டத்தில் தாலியை அடகு வைப்பது வேறு, பரணில் இடம் இல்லை என்று பாட்டியின் பெட்டியைத் தெருவில் வைப்பது வேறு.

சரி, அப்படியானால் இன்றைக்கு இருப்பதையெல்லாம் காப்பாற்றியது யார்?

அழிந்த அத்தனை எபிசோடுகளுக்கும் ஒலி முழுசாக இருக்கிறது. எப்படி? 1960களில் இங்கிலாந்தில் சில பையன்கள் சனிக்கிழமை சாயங்காலம் டிவி ஸ்பீக்கருக்கு எதிரே மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பூல் டேப் ரெக்கார்டரில் பதிந்துகொண்டார்கள். இன்னும் கெட்டிக்காரத்தனமாக, டிவிக்கு உள்ளேயிருந்தே ஒயர் இழுத்துப் பதிந்தவரும் உண்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், கைக்காசில் டேப் வாங்கி, ஒரு தேசிய ஒளிபரப்பு நிறுவனம் செய்யத் தவறியதைச் செய்திருக்கிறார்கள். பிபிசி பின்னாளில் கேசட்டாகவும் சிடியாகவும் விற்றது இந்தப் பதிவுகளைத்தான். 2016இல் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' ஆறு எபிசோடுகளையும் கார்ட்டூனாக வரைந்து வெளியிட்டபோது, வரைந்த உதடுகள் அசைந்ததும் வீட்டில் பதிந்த குரலுக்குத்தான்.

படத்துக்கும் இதே கதைதான். ஜான் க்யூரா என்பவர் டிவி திரையையே போட்டோ எடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுப் பிழைத்தவர். ஒரு எபிசோடுக்கு அறுபது எழுபது படம் எடுப்பார். பல எபிசோடுகள் எப்படி இருந்தன என்று தெரிவதே அவர் புண்ணியத்தில். ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் அமர்க்களம். குழந்தைகள் பயப்படும் என்று அந்த ஊர் சென்சார் வெட்டிப் போட்ட துண்டுகளை 1996இல் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் ரசிகர்கள் தோண்டி எடுத்தார்கள். 'ஃப்யூரி ஃப்ரம் தி டீப்' என்ற 1968ஆம் வருடக் கதையின் ஆறு எபிசோடும் போய்விட்டன. ஓடும் படமாக மிஞ்சியதில் முக்கால்வாசி அந்த வெட்டுத் துண்டுகள். யாரும் பார்க்கக்கூடாது என்று வெட்டியது மட்டும் இன்று பார்க்கக் கிடைக்கிறது, பார்க்கலாம் என்று விட்டது எல்லாம் காணோம். என்ன கொடுமை சார் இது!

கலர் எபிசோடுகளும் முழுசாகத் தப்பவில்லை. 1971இல் வந்த 'தி டீமன்ஸ்' கதையில் பெரும்பகுதி பிபிசியிடம் கறுப்பு வெள்ளை ஃபிலிமாகத்தான் மிஞ்சியிருந்தது. அமெரிக்காவில் ஒரு ரசிகர் வீட்டு வீடியோவில் பதிந்து வைத்திருந்த மங்கலான பிரதியிலிருந்து கலரை மட்டும் உறிஞ்சி, இந்தத் தெளிவான ஃபிலிமின் மேல் ஏற்றி, 1992இல் மறுபடி கலராக ஒளிபரப்பினார்கள்.

இப்போது 1983க்கு வருவோம். இருபதாவது வருடக் கொண்டாட்டம். ஈஸ்டர் விடுமுறையில் லாங்லீட் என்ற பிரபு மாளிகையில் பெரிய திருவிழா. எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு கூட்டம், சாலை அடைத்துக்கொண்டது, உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் ஏராளம். ரசிகர்கள் இன்றும் லாங்லீட் என்றால் கும்பமேளாவைச் சொல்வது போலச் சொல்வார்கள். நடத்தியது யார்? பிபிசி எண்டர்ப்ரைசஸ். ஐந்து வருடம் முன்பு வரை அந்த ஃபிலிம் பிரதிகளைக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே எண்டர்ப்ரைசஸ்! அங்கே ஒரு கூடாரத்தில் பழைய எபிசோடுகளைப் போட்டுக் காட்டினார்களாம். மிஞ்சியதைத்தானே காட்ட முடியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததோடு, அந்தச் சோற்றுக்கு டிக்கெட்டும் போட்டார்கள்.

கோபம் பிபிசி மேல் மட்டும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நிறுவனம் என்றால் அப்படித்தான், அதற்குக் கூச்ச நாச்சம் கிடையாது. ரசிகர்கள் மேல்தான் அதிகக் கோபம் வர வேண்டும். தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தாங்களே வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்கிறார்கள். விருந்து போட்டவர்கள் பந்தியில் இடம் கிடைத்ததற்காக நன்றி சொல்கிறார்கள். ஆண்டு விழா வரலாறு என்றால் அவர்களுக்கு முகங்களின் பட்டியல். யாருக்குப் பிறகு யார், எந்தக் கதைக்கு என்ன நம்பர், நடுவில் புகுத்திய டாக்டரைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா. இதற்கு விடிய விடியச் சண்டை போடுவார்கள். டேப்பை அழித்த உத்தரவில் கையெழுத்துப் போட்ட மேஜை எது என்று கேட்டால், "நல்ல நாளும் அதுவுமா ஏன் சார் இதெல்லாம்?"

நன்றி மறப்பது நன்றன்று, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். யாருக்கு நன்றி என்பதுதான் கேள்வி. பிபிசி நாடகத் துறையில் முதல் பெண் தயாரிப்பாளராக வந்து இதைத் தூக்கி நிறுத்திய வெரிட்டி லாம்பர்ட்டுக்குச் சொல்லலாம். ரான் கிரெய்னர் எழுதிக் கொடுத்த மெட்டை, சிந்தசைசர் இல்லாத காலத்தில் டேப்பை அங்குலம் அங்குலமாக வெட்டி ஒட்டி அந்த அமானுஷ்யமான டைட்டில் இசையாக்கிய டெலியா டெர்பிஷயருக்குச் சொல்லலாம். பாட்டைக் கேட்ட கிரெய்னரே அவருக்குப் பங்கு தர வேண்டும் என்றார், நிறுவன விதி இடம் கொடுக்கவில்லை. திரையில் அவர் பெயர் வந்தது 2013இல், ஐம்பதாவது வருடத்தில். அம்மையார் 2001லேயே இறந்துவிட்டார். டாலெக் என்ற அந்த மிளகுப் பொடி டப்பா மாதிரியான அரக்க இயந்திரத்தை வடிவமைத்த ரேமண்ட் குஸிக் மாதச் சம்பளக்காரர் என்பதால், பொம்மைக் கடைகள் டாலெக்கை விற்றுக் கொழித்தபோது அவருக்குக் கிடைத்தது நூறு பவுண்டு அளவில் ஒரு அன்பளிப்பு. கதை எழுதிய டெர்ரி நேஷனுக்கு உரிமைத் தொகை கொட்டியது. இவர்களுக்கெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றினால் யார் வேண்டாம் என்பார்கள்? மெழுகுவர்த்தியோ கம்பெனி லோகோவுக்கு முன்னால் எரிகிறது.

ரசிகர்கள் எல்லாம் தியாகச் செம்மல்கள் என்றும் சொல்வதற்கில்லை. 1985இல் சீரியலைப் பதினெட்டு மாதம் நிறுத்தி வைக்கிறோம் என்றதும், 'டாக்டர் இன் டிஸ்ட்ரெஸ்' என்று ஒரு பாட்டை வெளியிட்டார்கள். கேட்டவர்கள், நிறுத்தியதே நல்லது என்று நினைத்திருப்பார்கள். (அதில் வேலை செய்தவர்களில் ஒருவர் பிற்கால ஹான்ஸ் ஜிம்மர். அவரும் எங்கேயோ ஆரம்பிக்கத்தானே வேண்டும்.) அதே சமயம், 1974இல் 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகைக்கு, பத்தாம் வருடச் சிறப்பிதழ் பிரமாதம் என்று கடிதம் எழுதிய பதினைந்து வயது ஸ்காட்லாந்துப் பையன் பீட்டர் கபால்டி நாற்பது வருடம் கழித்து டாக்டராகவே நடித்தார். 2005இல் சீரியலைத் திரும்பக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸும் சிறுவயது முதல் ரசிகர்தான். ஆக, ரசிகன் இங்கே வெறும் கை தட்டுகிறவன் அல்ல.

ரசிகர் இல்லாத நிகழ்ச்சிகளின் கதி என்ன என்று பார்த்தால் இந்த வித்தியாசம் உறைக்கும். 1961இல் ஜூலி கிறிஸ்டி நடித்த 'ஏ ஃபார் ஆண்ட்ரோமெடா' என்ற அறிவியல் தொடர், அதுவும் பிபிசிதான், பெரும்பகுதி அழிந்துவிட்டது. அதற்கு மைக் பிடிக்கப் பையன்கள் இல்லை. 1969இல் மனிதன் நிலவில் இறங்கிய இரவு பிபிசி தன் ஸ்டுடியோவிலிருந்து நடத்திய நேரடி ஒளிபரப்பும் பெரும்பாலும் இல்லை. நிலாவுக்கே இந்தக் கதி. இவற்றுக்கெல்லாம் நவம்பர் 23 மாதிரி ஒரு நாள் கிடையாது, காணோமே என்று அழவும் ஆள் கிடையாது.

2023இல் அறுபது வருடம் நிறைந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகளை இணையத்தில் போட்டிருக்கிறோம் என்று பிபிசி முழங்கியது. எழுத்தாளர் வாரிசோடு உரிமைத் தகராறு என்பதால் முதல் கதை மட்டும் அதில் இல்லை. பிறந்தநாள் ஆல்பத்தில் பிறந்த நாள் போட்டோ இல்லாத மாதிரி. அந்த நவம்பர் 23 இரவு பிபிசி ஃபோர் சானலில் விழாப் படையலாக வந்தது 'தி டாலெக்ஸ் இன் கலர்'. 1963-64இல் வந்த முதல் டாலெக் கதையின் ஏழு எபிசோடுகளை எழுபத்தைந்து நிமிடமாகச் சுருக்கி, வர்ணம் பூசியிருந்தார்கள்.

அந்த ஏழு எபிசோடுகளின் ஃபிலிம்கள் 1978இல் பிபிசி எண்டர்ப்ரைசஸில் அழிப்பதற்காகக் கட்டி வைத்திருந்த குவியலில் கிடந்தன. பழைய பிரதி ஏதாவது விலைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கப் போன இயன் லெவின் என்ற ரசிகர் கண்ணில் அது பட்டது. சத்தம் போட்டு நிறுத்தினார். (பிற்பாடு 'டாக்டர் இன் டிஸ்ட்ரெஸ்' பாட்டைத் தயாரித்த புண்ணியவானும் இவர்தான்!)